எங்கே சாப்பிடலாம், தோழர்?

வெளியூர்க் கூட்டத்துக்குப் புறப்படுகிற தோழர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இதைத்தான். 'அந்த ஊர்ல எங்க சாப்பிடலாம் தோழர்?' வங்கிக் குமாஸ்தா வேலையில் 10 வருஷத்துக்குள் 4 ஊருக்கு மாற்றலாகிப் போனவன், கவிதை வாசிக்க, கருத்தரங்கில் பேச என்று லீவு போட்டு அலைகிறவன். அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை அரசியல் வேலைக்கு நடுவே வருகிற சில்லறை விஷயமாக நம் பத்திரிகைகளே ஒதுக்கி வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் பற்றி எழுதுகிறோம். கோயில் நுழைவு பற்றி எழுதுகிறோம். ஒரு வேளைச் சோறு எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தட்டில் என்பதை மட்டும் எழுத மாட்டோம் என்கிறோம். பெண் கொடுக்கல் வாங்கல் கூடாது, சேர்ந்து உண்ணக் கூடாது என்ற இரண்டு வேலிகளுக்குள்தானே இந்தச் சாதி இத்தனை காலம் பத்திரமாக இருக்கிறது?

பெரும் பத்திரிகைகளில் சாப்பாட்டுப் பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கைமணம், பாட்டி பக்குவம், பரம்பரை ருசி, வாழையிலை என்று எழுதித் தள்ளுகிறார்கள். அந்தப் பட்டியலில் விலை உண்டு, திறக்கிற நேரம் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டா என்பதுகூட உண்டு. உள்ளே போனால் உன் முகத்தைப் பார்த்து 'தம்பிக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு' என்று கேட்பானா மாட்டானா என்பது கிடையாது. அவர்களை யாரும் கேட்டதில்லை, அதனால் அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அமெரிக்காவில் இந்த வேலையை ஒரு தபால்காரர் செய்தார். நியூயார்க் ஹார்லெம் பகுதியில் இருந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தோழர் (தோழர் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன், அவரும் நம்மைப் போல ஒரு சம்பளக்காரர்) 1936-இல் 'பச்சைப் புத்தகம்' போட்டார். கிரீன் என்பது அவர் பெயர், அதனால் பச்சை. கறுப்பர்கள் பயணம் போனால் எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பாடு போடுவார்கள், எங்கே படுக்க இடம் கிடைக்கும், எங்கே முடி வெட்டுவார்கள் என்ற முகவரிகள். கோட்பாடு இல்லை, கோஷம் இல்லை. முதலில் நியூயார்க் வட்டாரம் மட்டும், பிறகு நாடு முழுக்க. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது, 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது. இடையில் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் 4 கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த வுல்வொர்த் கடை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை.

இதைச் சொன்னால் நம்மில் மூத்த தோழர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். 'நல்ல கடையாத் தேடிப் போறது ஒதுங்கிப் போறதுதானே? மறுக்கிற கடையில போய் உக்காரணும்.' சரி தோழர், உட்காருவோம். நாள் குறித்து, ஆள் திரட்டி, வக்கீலுக்குச் சொல்லிவிட்டு உட்காருவோம். ஆனால் 8 மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்து தனியாக இறங்குகிற 19 வயசுப் பிள்ளை ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் ஒரு போராட்டம் நடத்த வேண்டும் என்று சொல்ல நாம் யார்? அந்த ஊரில் கறுப்பர்களுக்கு முகவரிப் புத்தகமும் இருந்தது, மறியலும் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடவில்லை.

நம் பயணத்தின் கதை இன்னும் பழசு. 1901-இல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்கா மகனோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்க மாட்டு வண்டியில் போனதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். இரட்டை வாடகை கொடுத்தும் வண்டிக்காரன் கூட உட்காரவில்லை, பிள்ளைகளே ஓட்டினார்கள். கூடையில் சாப்பாடு நிறைய இருந்தது. தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் இல்லை. சோறு பக்கத்தில் இருக்கப் பட்டினியாகப் படுத்தார்கள். படிப்பு முடித்து வெளிநாட்டிலிருந்து பரோடாவுக்கு உத்தியோகத்துக்குப் போனபோதும் தங்க இடம் இல்லை, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பட்டம் வாங்கினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிற மாணவத் தோழர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நம் ஊர் ஓட்டல் சரித்திரம் ஒன்றும் சளைத்ததில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணாளுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்பது 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல் பெரியார் 'பிராமணாள்' என்ற எழுத்தை ஓட்டல் போர்டுகளிலிருந்து அழிக்கச் சொன்னார். திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது, நூற்றுக்கணக்கில் கைதானார்கள். போர்டு மாறியது. 2012-இல் ஸ்ரீரங்கத்தில் அதே எழுத்து திரும்ப வந்தது, மறுபடி போராட்டம். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. நமக்குள் பேசாத கதை இன்னொன்று. அய்யர் போர்டை எதிர்த்த ஊரில் நாயுடு, ரெட்டியார், செட்டியார், கோனார், நாடார் என்று மெஸ்ஸுக்கு மெஸ் சாதி தொங்குகிறதே, அதற்கு யார் மறியல் செய்தார்கள்? அது பார்ப்பனியம் இல்லையாம், 'பிராண்டு'. இருக்கட்டும். பறையர் மெஸ் என்று ஒரு போர்டு, சக்கிலியர் விலாஸ் என்று ஒரு போர்டு தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பார்த்திருக்கிறீர்கள்? நம் பெண்களின் கைப்பக்குவம் அந்த ஊர்ச் சமையலறைகளில் இல்லாமலா இருக்கிறது? பாத்திரம் தேய்க்கிற கையும் வெங்காயம் உரிக்கிற கையும் யாருடையது? 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளிக்கூடத்தையே முற்றுகையிட்டதும், அதிகாரிகள் அந்த அம்மாவுக்கே மாற்றல் உத்தரவு போட்டதும் (எதிர்ப்புக்குப் பிறகு ரத்தானது) மறந்திருக்க முடியாது.

சரி, என் பட்டியலுக்கு வருகிறேன்.

சென்னைக்கு வருகிற தோழர்களுக்கு முதலில் வடசென்னை. வியாசர்பாடி, புளியந்தோப்பு. சாயங்காலம் 6 மணிக்கு மேல் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் அடுப்பு எரியும். நீளமாக அரிந்த கறி, மிளகு தூக்கலான வறுவல், பக்கோடா, குடல் கறி, ஈரல், எலும்பு சூப்பு. போர்டில் 'பீப்' என்று எழுதியிருப்பார்கள். மாட்டுக்கறி என்று தமிழில் எழுதினால் நாறுகிறது, இங்கிலீஷில் எழுதினால் மணக்கிறது போல! பல வண்டிகளில் நிற்பது அக்காக்கள். கறியைத் திருப்பிக்கொண்டே வாடிக்கையாளரின் மகன் என்ன படிக்கிறான் என்று விசாரிப்பார்கள். 'இன்னும் கொஞ்சம் சோறு வெக்கவா கண்ணு' என்பதை வேறெந்த ஓட்டலிலும் நான் கேட்டதில்லை. கடைகளின் பெயரையும் மூலையையும் வேண்டுமென்றே எழுதவில்லை. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பது குற்றமில்லை, 1958 சட்டமே 10 வயதுக்கு மேற்பட்டு உழவுக்கும் ஈற்றுக்கும் உதவாத மாட்டைச் சான்று வாங்கி அறுக்கலாம் என்கிறது. ஆனாலும் அச்சில் பெயர் வந்தால் மறுநாள் யார் யார் வந்து நிற்பார்கள் என்பது அந்த அக்காக்களுக்குத்தான் தெரியும். தெருவுக்குப் போய்க் கேளுங்கள், காட்டுவார்கள்.

கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் பறிகொடுத்துத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. தடித்த நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ போட்டுக் கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு. நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். ஹைகோர்ட் வக்கீலும் மூட்டை தூக்குகிறவரும் முழங்கை இடிக்க நிற்பார்கள். அகதியாக வந்தவன் வைத்த கடையில் யாரும் யாரையும் ஊர் கேட்பதில்லை, கேட்டால் அவனுக்கே பதில் கிடையாது.

சம்பள நாளென்றால் மவுண்ட் ரோடு புகாரி, 1951-இலிருந்து இருக்கிறது. கையில் காசில்லையென்றால் அம்மா உணவகம். 2013-இல் தொடங்கும்போது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நம் தெருப் பெண்கள் சமைத்ததை எல்லாச் சாதியும் தட்டேந்தி வாங்கித் தின்கிற காட்சிக்காகவே ஒரு தடவை போகலாம்.

அடுத்தது ஆம்பூர். சென்னை - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் போகிற தோழர்கள் ஒரு வேளைக்காவது இறங்க வேண்டிய ஊர். சீரகச் சம்பா அரிசி, அடங்கிய காரம், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். பெரிய கடைகளைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்வது தோல் தொழிற்சாலை விடுகிற நேரத்தில் ரோட்டோரம் திறக்கிற அண்டாக்களை. தோல் பதனிடுகிறவர்களும் ஷூ தைக்கிறவர்களும், நம் சனங்களும் முஸ்லிம்களும், பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்பது மாட்டுக்கறி பிரியாணி. ஆட்டுக்கறி விலைக்கு அவர்கள் கூலி எட்டாது. ருசியிலும் இது குறைந்ததில்லை, கறி ஊறி வெந்த சோற்றின் அடிப்பகுதியைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அந்த ஊரில் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு கிடையாது என்றார்கள். ஆம்பூரில்! நாங்களும் வண்டி போட்டு இலவசமாகப் போடுவோம் என்று அமைப்புகள் கிளம்பியதும் மழை என்று சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டுக்கறி உண்பதிலிருந்துதான் தீண்டாமை கிளைத்தது என்று அம்பேத்கர் 1948-லேயே ஒரு புத்தகம் எழுதி நிறுவப் பார்த்தாரே, அதற்கு 74 வருஷம் கழித்து அரசாங்கமே சான்று கொடுத்த மாதிரி ஆயிற்று.

செங்கோட்டைப் பக்கம் போனால் பிரானூர் பார்டர் பரோட்டா. இதற்கு நான் எழுதி ஆக வேண்டியதில்லை, குற்றாலத்துக் கூட்டமே சாட்சி. பொதுவாக முன்பின் தெரியாத ஊரில் இறங்கினால் என் கால் பாய் கடைக்குத்தான் தானாகப் போகிறது. அங்கே எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரே பெஞ்சு, ஒரே தட்டு.

மேற்கே போகிற தோழர்களுக்குத்தான் என் பட்டியல் மெலிந்து கிடக்கிறது. அங்கே ஒரு ஊரில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கிளை பக்கத்து மெஸ்ஸில் மாசச் சாப்பாடு. 3 வாரம் 'சார்' என்றார்கள். ஊரிலிருந்து யாரோ வந்து என் தெருவைச் சொல்லிவிட்டுப் போனதும் 'பார்சலா எடுத்துக்குங்களேன், உங்களுக்கு சௌகரியம்' என்றார்கள். சாம்பார் மாறவில்லை, உப்பு மாறவில்லை, நாற்காலி மட்டும் போய்விட்டது. இப்படித்தான் இப்போது நடக்கிறது தோழர்களே. டீக்கடையில் தனித் தம்ளர் ஆணியில் தொங்குவதை நம் அப்பா காலத்தில் பார்க்கலாம். இப்போது அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குக் குடித்துவிட்டு எறிகிற கப். கேட்டால் சுத்தம், சுகாதாரம். பழைய தம்ளரும் ஒழிந்துவிடவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி விவகாரத்துக்குப் போன ஆட்சியர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்து வழக்குப் போட வைத்தார். உணவகத்தில் பாத்திரத்தை மறுப்பது குற்றம் என்று 1955 சட்டம் சொல்லி 67 வருஷம் ஆன பிறகு! பெருநகரத்தில் இதுவே 'ப்யூர் வெஜ்' ஆகிறது. 2024 மார்ச்சில் ஸொமேட்டோ கம்பெனி சைவச் சாப்பாட்டுக்குத் தனி ஆள், தனிப் பச்சைச் சட்டை என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் மறுநாளே சட்டையை மட்டும் வாபஸ் வாங்கியது. பையன் தோளில் தொங்குகிற பெட்டிக்கும் தீட்டு.

எனவே தோழர்கள் அவரவர் ஊர்க் கடைகளை எழுதி அனுப்புங்கள், தொகுப்போம். 'அருமையான ருசி' என்று எழுதாதீர்கள், அது தானாகத் தெரியும். எல்லோருக்கும் ஒரே கிளாஸா, தட்டை யார் எடுக்கிறார்கள், பெண் தோழர் தனியாகப் போய் உட்கார முடியுமா, ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு வருகிறவனுக்குச் சோறு இருக்குமா, சாப்பாடு என்ன விலை. இவ்வளவுதான் வேண்டும். கடைக்காரர் சம்மதம் இல்லாமல் பெயர் வேண்டாம். ஒதுக்குகிற கடை தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அது வேறு நோட்டில் ஏறும், வக்கீல் தோழர்களிடம் போகும்.

வடசென்னை வண்டிகள் மழை நாளில் வராது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கெல்லாம் குடல் கறி தீர்ந்துவிடும், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.