முளைப்பாரியும் நம் மனமும்



தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயத்தின் நடமாட்டமே மாறிவிடும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வாசல் மெழுகுவார்கள். மஞ்சள் அரைப்பார்கள். குளிர் கூடிய மேட்டுத் தோட்டங்களில் வேம்பு நன்றாக வளராது. ஆகவே கீழ்நாட்டுப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவைத்து வேப்பிலை கொண்டுவருவார்கள். இந்த மாதம் அந்தத் திருவிழாவில் ஒரு பகுதியாகிய முளைப்பாரியைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முளைப்பாரி என்றால் என்ன? நவதானியத்தை ஊறவைத்து, மண்ணும் காய்ந்த சாணமும் இட்ட சட்டியில் தூவி, இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். பெண்கள் விரதமிருந்து தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். மாலையில் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். வெளிச்சம் படாததால் முளைகள் பச்சை பிடிக்காமல் இளமஞ்சளாக உயர்ந்து நிற்கும். கடைசி நாளில் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் ஆற்றில் கரைப்பார்கள். விதைப்புக்கு முன் விதையின் தரத்தைச் சோதித்துப் பார்க்க நம் முன்னோர் கண்ட வழி இது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இந்த முளைப்பாரி அறையின் வாசலில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். 1983 ஜூலை வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தவர். 2009இல் கணவரைக் காணாமல் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுடன் அண்ணனின் லயக் காம்பிராவுக்குத் திரும்பி வந்திருந்தார். எல்லோரும் உள்ளே நிற்க, அவர் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்கக்கா" என்றேன்.

"வேணாம் மிஸ். நான் தொட்டா மொள வராதுன்னு சொல்லுவாங்க. அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. பொட்டு வச்சாலும் பேசுறாங்க, வைக்காட்டியும் பேசுறாங்க."

சகோதரிகளே, இந்த வார்த்தையை உங்களில் பலர் உங்கள் வாயாலேயே சொல்லியிருப்பீர்கள். இழந்ததன் துயரம் ஒன்று. அந்த இழப்புக்காக ஊர் நம்மை ஒதுக்கிவைக்கும் துயரம் இன்னொன்று. முதலாவதை மாற்ற நம்மால் முடியாமல் இருக்கலாம். இரண்டாவது மனிதர் உண்டாக்கியது. அதை மனிதரால் மாற்ற முடியும்.

அன்று அதற்கு வழி திறந்தவர் ஒரு பாட்டி. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, கண்ணகிக்குப் புருசன் இருந்தானா? அவள அம்மன்னு கும்புடுறோம். இவள வாசல்ல ஒக்கார வச்சிருக்கோம். இது என்ன நாயம்?"

அறையில் யாரும் பேசவில்லை. பாட்டி எழுந்து தண்ணீர்ச் செம்பை அந்த அக்காவின் கையில் கொடுத்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் அவர் சொன்னதைத்தான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணவனைப் பறிகொடுத்து, அரச சபையில் நீதி கேட்ட பெண்ணைத்தான் மட்டக்களப்பில் வைகாசியில் குளிர்த்தி பாடிக் குளிரவைக்கிறார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கேற்றிப் பொங்கலிடுவதும் அவளுக்குத்தான். எங்கள் அயலிலுள்ள சிங்களச் சகோதரிகள் அவளையே பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். பாண்டியனின் தோட்டத்து மாங்கனியில் பிறந்தவள் என்பது அவர்களுடைய கதை. துயரப்பட்ட பெண்ணின் கோபத்தைக் கண்டு பயந்து ஓடாமல், அதை ஆற்றிக் குளிரவைக்க வேண்டும் என்ற அறிவு இந்த வழிபாடுகளில் இருக்கிறது.

மாரியும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்துவந்த நம் முன்னோரில் பலர் கொலராவாலும் அம்மையாலும் வழியிலேயே மாண்டார்கள். மிஞ்சியவர்கள் நட்ட கல்லே பல தோட்டங்களில் அம்மனாயிற்று. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அம்மனோ இன்னும் நம்முடன் இருக்கிறாள். இழப்புக்குப் பிறகும் வாழவேண்டியவர்களின் தெய்வமல்லவா அவள்!

அந்த அக்கா ஒன்பது நாளும் தண்ணீர் தெளித்தார். முளை நன்றாகவே வந்தது. ஊர்வலத்தில் அவர் முன்வரிசையில் போனார் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அவர் கடைசி வரிசையில், பாட்டிக்குப் பக்கத்தில் சட்டி சுமந்து நடந்தார். இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்: "காலையில அந்த ரூமுக்குப் போயி தண்ணி தெளிக்கிற நேரம் மட்டும் மனசு சத்தம் போடாம இருந்திச்சு மிஸ்."

இதை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். திருவிழா வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பிடி பயறை இரவு ஊறவையுங்கள். அடியில் துளையிட்ட பழைய டின்னிலோ சிரட்டையிலோ மண் நிரப்பித் தூவுங்கள். முளை வந்ததும் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் பச்சை பிடிக்கும். தினமும் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பத்து நிமிடம் அதன் அருகில் உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனியுங்கள். பழைய நினைவு வந்தால் அதனோடு சண்டை பிடிக்க வேண்டாம். கண்ணைத் திறந்து முளையைப் பாருங்கள், நேற்றைக்கு இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அம்மனை நினைப்பவர்கள் அம்மனை நினைக்கலாம். மாதாவை வேண்டுபவர்களும் அல்லாஹ்வைத் துதிப்பவர்களும் தங்கள் வழியில் இருக்கலாம். விதைக்கு மதபேதம் இல்லை.

ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். வேப்பிலையும் முளைப்பாரியும் மனதுக்கு ஆறுதல் தருமேயன்றி மருந்தாகா. தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, உயிரை விடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். அது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

இந்த வருடம் உங்கள் ஊர்க் கோயிலில் முளைப்பாரி போடும்போது வாசற்படியில் யாராவது தனியே உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால், தண்ணீர்ச் செம்பை அவர் கையில் கொடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.