டப்பாவில் இல்லாத பொய்

சீசியம் குளோரைடு ஓர் உப்பு. புற்றுநோய் அமிலத்தில்தான் வளரும், இந்த உப்பைத் தின்றால் உடம்பு காரமாகிக் கட்டி கரைந்துவிடும் என்று சொல்லி அமெரிக்காவில் விற்றார்கள். ரத்தத்தின் பிஎச் அளவை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன; எதைத் தின்றாலும் அது லேசில் அசையாது. அசைந்தது இதயத் துடிப்புதான். இதயத் தசையில் பொட்டாசியம் போய்வரும் வழியைச் சீசியம் அடைத்துவிடும். துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. 2018-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது.

ஆப்ரிகாட் கொட்டையின் சத்து என்று விற்கப்படும் 'வைட்டமின் பி17' வைட்டமினே அல்ல. வயிற்றுக்குள் சயனைடாக உடையும் பொருள். 1982-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் தலைமையில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; யாருக்கும் குணமாகவில்லை. சிலரது ரத்தத்தில் சயனைடு, உயிரைப் பறிக்கும் அளவை நெருங்கியிருந்தது. நிஜமான வைட்டமின் சத்தாவது காப்பாற்றியதா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினை விழுங்கியவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது 1994-இல் தெரியவந்தது.

கீமோவின் வாந்தி, தினமும் கதிர்வீச்சுக்கு, அதாவது 'கரண்ட் வைக்க', பஸ் ஏறும் அலைச்சல், 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று காதோரம் சொல்லும் சொந்தபந்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சத்து மாத்திரையை நம்புகிறவர்மீது நமக்குக் கோபமில்லை. விற்பவரை விட்டுவைப்பதுதான் பொறுக்கவில்லை.

இந்தியாவில், புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சத்து மாத்திரை லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது 2016-இல் வந்த விதி. வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். அந்த வரியைப் பொடி எழுத்தில் டப்பாவில் போட்டுவிட்டு, 'நாலாம் ஸ்டேஜே போய்விட்டது' என்ற கதையை வாட்ஸ்அப் வீடியோவில் விடுகிறார்கள். டப்பாவைச் சோதிக்கும் அதிகாரிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். டப்பாவையும் வீடியோவையும் ஒரே விளம்பரமாகச் சேர்த்துப் படித்து, புகாருக்குக் காத்திராமல் வழக்குப் போட வேண்டும்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்தும், குறைபாட்டுக்கு வைட்டமின் டியும் மருத்துவர் எழுதித் தருவது வேறு விஷயம், அதில் வழக்கில்லை. ஆனால் திட்டுவார்களே என்று பயந்து, தாமாகச் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் ஏராளம். அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுச் சீட்டில் 'வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.