பயில்வான் மோட்டாரின் புனர்ஜன்மம்

அமெரிக்கர்கள் சில பழைய மோட்டார் வண்டிகளை "மஸில் கார்" என்று அழைக்கிறார்கள். நாம் அதைப் பயில்வான் மோட்டார் என்று சொல்லிக் கொள்ளலாம். நடுத்தரமான வண்டிக்குள் பெரிய வண்டிக்கு உரிய எஞ்சினைத் திணித்து வைப்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். 1964-ம் வருஷத்து மாடலாகப் பான்டியாக் கம்பெனி வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டியே இந்த வம்சத்துக்கு மூல புருஷன் என்று பலரும் சொல்லுவார்கள்.

பான்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெரிய குடும்பத்தில் ஒரு கிளை. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்பது குடும்பப் பெரியவர்களின் கட்டளை. பான்டியாக்கின் தலைமை எஞ்சினீயரான ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? 389 கன அங்குல எஞ்சினை, டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு "வேண்டுவோர் பெற்றுக் கொள்ளக் கூடிய உபரி" என்று விலைப் பட்டியலில் சேர்த்து விட்டார்கள்! முதல் வருஷத்திலேயே 32,450 வண்டிகள் விற்றன. இத்தகைய சாமர்த்தியம் காட்டும் பையன்களை நான் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவது வழக்கம். டிலோரியனோ, 1965-ல் பான்டியாக் கிளைக்கே தலைவரானார்.

பான்டியாக் என்ற பெயர் 2010-ல் மறைந்து போயிற்று. ஆயினும் அந்தப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, தேய்ந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதில் அமெரிக்கர் பலருக்கு அடங்காத மோகம் உண்டு. கூடவே, எஞ்சினை முன்னைவிடப் பலசாலியாக்கி விட வேண்டும் என்ற ஆசையும் பிறக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஸிலிண்டரின் குறுக்களவு 4.0625 அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 3.75 அங்குலம். இப்படி எட்டு ஸிலிண்டர். மூன்றாவது பாரத்துப் பையன் பெருக்கினாலும் 389 கன அங்குலம் வந்து விடும். பல்லாயிரம் மைல் ஓடிய பிறகு ஸிலிண்டர் வட்டமாக இராது. மேற்புறம் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்து, முட்டை வடிவம் பெற்றிருக்கும். ஆகையால் அதைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதுவே 'ரீபோர்'. அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு கடைந்தால் 389 என்பது ஏறக்குறைய 395 ஆகிறது. இன்னும் 30 பங்கு கடைந்தால் 400. எண்ணிக்கையைக் கேட்டால் நாக்கில் ஜலம் ஊறத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. வார்க்கும்போது உள் அச்சு சற்று நகர்ந்திருந்தால், சுவர் ஒரு பக்கம் கனமாகவும் மறு பக்கம் மெல்லியதாகவும் அமைந்திருக்கும். கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது. அந்த வார்ப்பைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. ஆகவே நல்ல பட்டறைக்காரர், ஒலி அலைகளைச் செலுத்திச் சுவரின் கனத்தை அளந்த பிறகே கடைசல் யந்திரத்தின் அருகில் போகிறார்; தேய்மானம் நீங்குகிற மட்டும் கடைந்து நிறுத்திக் கொள்கிறார். மெருகிடும்போது எஞ்சினின் மேல் கனத்த இரும்புத் தகடு ஒன்றை இறுக்கி வைப்பதும் உண்டு. மேல் மூடியை முடுக்கினால் சுவர் எவ்வளவு நெளியுமோ, அந்த நெளிவோடேயே அதை வட்டமாக்கி விடுகிறார்கள்!

பலம் வேண்டுவோருக்கு வேறு வழி இருக்கிறது. பிஸ்டன் அரை அங்குலம் அதிக தூரம் போகும்படியான புதிய கிராங்க் ஷாஃப்டைப் போட்டால், 395 கன அங்குலம் சுமார் 447 ஆகி விடும். சுவரைச் சுரண்டிக் கிடைத்தது ஆறு. இதனால் கிடைப்பது ஐம்பத்திரண்டு. கூடவே வார்ப்பட கனெக்டிங் ராடுகளைக் களைந்து, அடித்து உருவாக்கிய எஃகு ராடுகளைப் போடுவது அவசியம். பழைய ராடுகளே இந்த எஞ்சினின் பலவீனம் என்பது பிரசித்தம். ஒன்று முறிந்தால் எஞ்சினின் பக்கத்தையே பிளந்து கொண்டு வெளியே வந்து விடும். பளபளக்கும் மூன்று கார்புரேட்டர்களுக்குச் செலவிடும் பணத்தை முதலில் இந்த எட்டு ராடுகளுக்குச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், பலப்படுத்தும் வேலையில் ஒன்றைக் குறைக்கவும் வேண்டியிருக்கிறது. பழைய எஞ்சின், பெட்ரோல் கலந்த காற்றைப் பத்தே முக்கால் பங்கிலிருந்து ஒரு பங்காக அழுத்தியது. அதைத் தாங்கியது ஈயம் கலந்த பெட்ரோல். அந்த ஈயக் கலவையின் குணத்தை 1921-ல் கண்டறிந்ததும் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிசாலையே. ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். 1996 முதல் அமெரிக்க சாலை வண்டிகளுக்கு அது அடியோடு தடை செய்யப்பட்டது. இதில் நஷ்டப்பட்டவர் யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் இன்றைய பெட்ரோலில் பழைய அழுத்தம் தட்டுச் சப்தத்தை உண்டாக்கிப் பிஸ்டனை உடைத்து விடக் கூடும். எனவே குழிந்த பிஸ்டன்களைப் போட்டு, அழுத்தத்தை ஒன்பதரை அளவுக்கு இறக்குகிறார்கள். வால்வு வந்து உட்காரும் இடத்துக்கும் ஈயப் படலம் கவசமாக இருந்தது. இப்போது அங்கே கடினமான உலோக வளையங்களைப் பதிக்கிறார்கள்.

விளம்பரத்தில் கண்ட 325 குதிரைச் சக்தியையும் அப்படியே நம்பி விடக் கூடாது. விசிறி, புகைக் குழாய் முதலியவற்றைக் கழற்றி வைத்து எடுத்த கணக்கு அது. 1972-ல்தான் அமெரிக்கக் கம்பெனிகள், எல்லாம் பூட்டிய நிலையில் அளந்து சொல்ல ஆரம்பித்தன.

கடைசியில் வருவது முதல் ஓட்டம். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் துவாரத்தின் வழியாகக் கைத் துரப்பணத்தை விட்டு, எண்ணெய்ப் பம்பைச் சுழற்றி, எல்லா பேரிங்குகளுக்கும் எண்ணெய் ஏறச் செய்கிறார்கள். பழைய மாதிரி காம் ஷாஃப்டாயிருந்தால், துத்தநாகச் சத்து மிகுந்த எண்ணெய் வேண்டும். எஞ்சின் உயிர் பெற்றவுடன் நிதானமாக ஓட விடக் கூடாது. நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்று வீதம் இருபது நிமிஷம் ஓட வேண்டும். பிறகு எண்ணெயை வடித்து, வடிகட்டியை அறுத்துப் பிரித்து, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், உலோகத் துகள் ஏதாவது மின்னுகிறதா என்று.