மறையூர் வெல்லம்: பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, விலைக்கு இல்லை

மறையூர்: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள மறையூர், காந்தலூர் ஊராட்சிகளில் தயாராகும் உருண்டை வெல்லத்துக்கு 2019 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழ் வழங்கப்பட்டது, விழா நடந்தது, செய்தியும் வெளியானது. அதற்குப் பிறகு இந்த வெல்லம் செய்தியில் இடம்பெறுவதென்றால், பெரும்பாலும் அது போலி வெல்லம் பற்றியதாகவே இருக்கிறது.

மறையூர் என்ற பெயரில் விற்கப்படும் வெல்லத்தில் ஒரு பகுதி, மலைக்குக் கீழே காய்ச்சப்பட்டு மேலே வருகிறது என்பது இப்பகுதி விவசாயிகளின் நீண்டகாலப் புகார். இங்குள்ள நீரைத் திரட்டும் பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் சேர்கிறது. அமராவதி நீரில்தான் உடுமலை, மடத்துக்குளம் பகுதிக் கரும்பும் விளைகிறது. நீர் கீழே இறங்குகிறது, வெல்லம் மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் அதன் பெயர் மாறிவிடுகிறது. இதில் சமவெளி விவசாயியைக் குறை கூறுவதற்கில்லை. அவர் தமது வெல்லத்தைத் தமது ஊர் விலைக்கே விற்கிறார். பெயர் மாறுவதால் கிடைக்கும் கூடுதல் தொகை அவருக்கும் போவதில்லை, மறையூர் விவசாயிக்கும் வருவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டப்படி, பொய்யான குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் சோதனை நடத்தும் அதிகாரம் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கே உண்டு. அவரும் முன்னதாகப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். பதிவாளர் அலுவலகம் இருப்பது சென்னையில். மூணாறு சாலையோரக் கடையில் உள்ள வெல்ல உருண்டை, சென்னையிலிருந்து கருத்து வரும்வரை விற்காமல் காத்திருக்கும் என்று சட்டம் நம்புகிறது போலும்.

போலியைத் தடுக்க எளிய வழி, பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டி விற்பது. அங்கே சரக்கு மற்றும் சேவை வரி காத்திருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டப்பட்ட வெல்லத்துக்கு 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. உதிரியாக விற்கும் வெல்லத்துக்கு வரி இல்லை. தன் ஊரைப் பொட்டலத்தில் அச்சிட்டுச் சொல்லும் வெல்லம் வரி கட்டுகிறது. சொல்லாத வெல்லம் கட்டுவதில்லை. ஒரு சட்டம் பெயரைக் காக்கச் சொல்கிறது, மற்றொன்று பெயருக்கு வரி கேட்கிறது.

வெல்லம் தேசியச் செய்தியான காலமும் உண்டு. சபரிமலையில் அரவணைப் பாயசத்துக்கு வாங்கிய வெல்லப் பொட்டலங்கள் சிலவற்றில் 'ஹலால்' என்று அச்சாகியிருந்த விவகாரம், 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவை ஏற்றுமதிக்காக அச்சிடப்பட்ட பொட்டலங்கள் என்று விளக்கம் தரப்பட்டது. தொலைக்காட்சிகளில் அனல் பறந்தது. அந்த வெல்லம் வந்தது மகாராஷ்டிரத்திலிருந்து. புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் சொந்த மாநிலத்திலேயே இருக்க, கோயிலுக்கான வெல்லம் ஏன் அத்தனை தொலைவிலிருந்து வருகிறது என்ற கேள்வி அந்த அனலில் எடுபடவில்லை. பொட்டலத்தின் மேலிருந்த ஒரு சொல்லுக்கு விவாத மேடை கிடைத்தது. உள்ளே இருந்த பொருளின் விலைக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பொருளைக் காக்க அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே மறையூரில் சந்தன மரங்களுக்கு எண் இடப்பட்டிருக்கிறது. வேலி உண்டு, காவலர்கள் உண்டு. சந்தனக் கட்டை ஏலம் போகும்போது கோடிக் கணக்கும் தலைப்புச் செய்தியாகிறது. சந்தனத்தின் வருவாய் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, வெல்லத்தின் வருவாய் விவசாயியின் வீட்டுக்குப் போகிறது. காவலில் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

தீர்வு பெரிய புதிர் அல்ல. கேரளத்தில் வெல்லத்தை அதிக அளவில் வாங்குவோரில் அரசு சார்ந்த அமைப்புகளும் உள்ளன. 2020 ஓணத்துக்கு அரசு வழங்கிய இலவச மளிகைத் தொகுப்பிலும் வெல்லம் இருந்தது; தரம் குறைந்தது என்ற புகார் எழுந்து, வந்த சரக்கில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. குறைந்த விலைப்புள்ளி மட்டுமே வெல்லும் கொள்முதலில் சான்றிதழுக்கு மதிப்பெண் கிடையாது. தானே பெற்றுத் தந்த குறியீட்டுக்கு அரசே கூடுதல் விலை தர முன்வராதபோது, சாலையோர வாடிக்கையாளர் தருவார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

புவிசார் குறியீட்டுப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால், கட்டுப்படியாகாத கரும்பை விவசாயி கைவிட்டு வேறு பயிருக்கு மாறிவிட்டால், புதுப்பிப்பதற்குச் சான்றிதழ் இருக்கும்; காய்ச்சுவதற்குக் கரும்பு இருக்காது.