தகுதிச் சான்றை நம்பிப் பழைய வண்டி வாங்கலாமா?

விவசாயம் செய்யும் அங்கத்தினரும் நெசவு செய்யும் அங்கத்தினரும் ஒருங்கே நாடும் வாகனம் நமது ஜில்லாக்களில் ஒன்று உண்டென்றால், அது ‘குட்டி யானை’ என்று ஊரார் செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் வண்டியே. 2005-ஆம் ஆண்டில் இவ்வண்டி வெளிவந்தது. தாளவாடி மலையிலிருந்து இறங்கும் முட்டைக்கோசும், சென்னிமலையிலிருந்து புறப்படும் போர்வைக் கட்டுகளும், ஈரோட்டுச் சந்தைக்குப் போகும் மஞ்சள் மூட்டைகளும் இன்று பெரும்பாலும் இத்தகைய சிறு வண்டிகளிலேதான் செல்கின்றன. புதிது வாங்கச் சக்தியற்றோர் பழையதை நாடுவது இயல்பு. அங்ஙனம் நாடுவோரிடம் தரகர் சொல்லும் முதல் வார்த்தை, “எஃப்.சி. இருக்குதுங்க” என்பதாகும். அத்துடன் பேரம் பாதி முடிந்துவிடுகிறது.

இந்த எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று அவசியமானது என்பதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படமாட்டாது. சான்று தவறிய நாளில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியுடன் வழக்காட வேண்டிய சங்கடமும் உண்டு. ஆயினும் சான்று இருப்பது வேறு, வண்டி நல்ல நிலையில் இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள், கடன் தவணையையும் பட்டறைச் செலவையும் சேர்த்துச் சுமந்து திண்டாடுவதை நாம் காண்கிறோம்.

காரணம் எளிது. சரக்கு வாகனத்திற்கு, 2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை நடைபெறுகிறது. ஐந்து வயது வண்டி ஒன்றை நாம் விலை பேசுகையில், அதன் சான்று இருபது மாதங்களுக்கு முன் பெற்றதாக இருக்கலாம். அந்த இருபது மாதங்களில் அவ்வண்டி எத்தனை லோடு அடித்ததோ, எந்த மேட்டில் ஏறி இறங்கியதோ, அக்காகிதத்திற்குத் தெரியாது. சொந்த உபயோகத்திற்கான காரின் நிலையோ இதனினும் மோசம். பதிவுக் காலமான பதினைந்து ஆண்டுகளுக்குள் அதற்குப் புகைப் பரிசோதனை தவிர இத்தகைய கட்டாயச் சோதனை எதுவும் இல்லை.

மேலும், ‘எஃப்.சி. காட்டுவது’ என்பது பல இடங்களில் ஒரு சடங்காகிவிட்டது. வண்டிக்குச் சாயம் பூசி, ஒளிரும் பட்டை ஒட்டி, விளக்குகளைச் சரிசெய்து, சில சமயம் வேறொரு வண்டியின் நல்ல டயர்களைக் கழற்றி மாட்டி, அன்றைய தினத்திற்கு மணப்பெண் போல் அலங்கரித்து நிறுத்துகிறார்கள். மோட்டார் வாகன ஆய்வாளரை நமது மக்கள் இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். மக்கள் வைத்த இப்பெயர், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மறவாமல் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரேக்கே அலங்காரத்தில் கடைசியாகக் கவனிக்கப்படுகிறது.

ஏஸ் வண்டியைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. முதலில் வந்த ஏஸ், இரண்டு சிலிண்டர்களும் சுமார் பதினாறு குதிரைச் சக்தியும் கொண்ட சிறிய டீசல் வண்டி. அதற்கு அனுமதிக்கப்பட்ட பாரம் ஏறக்குறைய முக்கால் டன். அதில் ஒன்றரை டன் ஏற்றுகிறவர்கள் நாமே. அதன் பலன் எங்கே தெரியும்? முதலில் பட்டை வில்லில். ஒரு பட்டை முறிந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். சாய்ந்த வண்டியின் டயர் ஓரம் மட்டும் தேயும். அடுத்தது முன் அச்சின் கிங்பின். அது தேய்ந்தால் ஸ்டியரிங் ஆடும். முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது, பின் சக்கரப் பிரேக் டிரம். வீல் சிலிண்டர் கசிந்து லைனர் நனைந்திருந்தால், சமதரையில் மெதுவாக நிறுத்தும்போது ஒன்றும் தோன்றாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்துடன் இறங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் உள்ளவரிடம் ஓடிய வண்டியானால் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஈரக் காய்கறியும் எருவும் ஏற்றிய வண்டியில் பாடியின் அடித்தகடும் துருவேறியிருக்கும். புதுச் சாயத்தின் மேல் விரலால் தட்டினால் ஓசையே சொல்லிவிடும். அதிகப் புகை வருவதும் சாதாரணக் குறையே. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதால் அதனை விற்பவரே சரிசெய்துவிடுவார்.

நூல் பண்டல் மீது ஒட்டிய சீட்டில் நம்பர் அச்சிட்டிருக்கிறது என்பதற்காக நமது நெசவாளர் அதனை அப்படியே ஏற்பதில்லை. சிட்டத்தை நிறுத்துப் பார்க்கிறார். மஞ்சள் வாங்குபவர் விரலி மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்க்கிறார். பல லட்சம் போட்டு வாங்கும் வண்டியில் மட்டும் சீட்டே போதும் என்று ஏன் இருக்கிறோம்?

அயல்நாடுகளில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டில் பத்தாண்டு கடந்த வாகனங்களுக்குப் பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றைச் சோதிக்கும் கட்டாய முறை வந்தது. இன்று அங்கே ஒரு வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால், அது முன்பு எந்தச் சோதனையில் எக்காரணத்தால் தவறியது என்பதை யாரும் பார்க்கலாம். ஜெர்மனியில் எந்த மாடல் எவ்வளவு விகிதம் தவறுகிறது என்பதை ஆண்டுதோறும் அறிக்கையாகவே வெளியிடுகிறார்கள். நமது நாட்டிலும் 2021 செப்டம்பரில் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. உருளைகளின் மேல் சக்கரத்தை ஓட்டிப் பிரேக் விசையை இயந்திரமே அளக்கும் முறை அது. அளவு தாளில் ஏறுகிறது. அத்தாளை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்ப்போர் எத்தனை பேர்? மாடல்வாரியான குறைகளைச் சர்க்கார் தொகுத்து வெளியிட வேண்டும் என்பது நமது கோரிக்கை.

அதுவரை சங்கங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பழைய வண்டிக்குக் கடன் மனு வரும்போது, விற்பவருக்கும் தரகருக்கும் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவர் வண்டியைக் குழியின் மேல் நிறுத்திப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே தொகை வழங்கப்பட வேண்டும். அவர் கண்ட குறைகளை மாடல், வருஷம், ஓடிய தூரம் என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து அலுவலகத்தில் எல்லா அங்கத்தினரும் பார்க்கும்படி வைக்கலாம். ஐம்பது வண்டிகள் பதிவானால், எது எங்கே தவறும் என்பது நமக்கே தெரிந்துவிடும். இதனால் கடன் ஓரிரு நாள் தாமதமாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். விற்பவர் அந்த இரண்டு நாள் காத்திருக்க மறுத்தால், அதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது.