குடும்பமாக நடப்போம்



கதிர்காமத் திருவிழாக் காலத்தில் கல்முனை வீதியூடாக அடியார்கள் நடந்து செல்வதைக் காண்கிறீர்கள். உகந்தையில் வனப்பாதை திறந்ததும், தாய் தந்தை பிள்ளைகளாகக் குமண தேசியப் பூங்காவினூடே நடக்கின்றனர். போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த காடு அது.

பன்னிரண்டு வயதில் இயேசுவும் பெற்றோருடனும் உறவினருடனும் எருசலேமுக்கு யாத்திரை சென்றார். நாமோ ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒன்றாக நடப்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பல இல்லங்களுக்குக் கடற்கரை அச்சத்தின் இடமாகவே நிலைத்துவிட்டது.

ஞாயிறு மாலையில் பிள்ளைகளின் கைபிடித்துக் கடலோரம் நடங்கள். எதிர்ப்படும் முஸ்லிம், இந்து அயலவரிடம் நின்று நலம் விசாரியுங்கள். அடுத்த யாத்திரையின்போது அடியார்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். பிளாஸ்டிக் போத்தலில் அல்ல, குடத்திலிருந்து. காடும் கடலும் படைத்தவருடையவை. அவற்றைக் குப்பையின்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும் செபமே.