கல்லூரி வாசலில் இருந்து 46 எட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் நடுவில் வரும் பெட்டிக்கடை பகுதியையாவது படித்துவிடுங்கள்.

என் பேரன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், விடுதி வாசம். சென்ற மாதம் அவன் அறையைச் சோதனை போட்டபோது தலையணை உறைக்குள் ஒரு வேப் இருந்திருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அதுதான் இந்த மின் சிகரெட். பார்த்தால் பென் டிரைவ் மாதிரி இருக்கிறது. மாம்பழ வாசனை வேறு. மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. 15 நாள் சஸ்பெண்ட், விடுதிக்கும் சேர்த்து, வகுப்புக்கும் சேர்த்து. பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை, "மாமா, நீங்களும் வாங்க. எனக்குக் கோபத்துல என்ன பேசுவேன்னு தெரியல" என்றார். போனேன்.

பையனைக் காப்பாற்ற எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் செய்தது தவறு. அவனிடமே சொல்லிவிட்டேன். "தாத்தா, இது சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான்" என்றான். நிக்கோடின் கரைந்த திரவத்தைச் சூடாக்கி இழுத்தால் உள்ளே போவது நிக்கோடின்தான், இட்லிப் பானை ஆவி இல்லை என்றேன். காலையில் எழுந்ததும் கை தானாக அதைத் தேடுகிறதா என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிதல் எனக்குத் தெரியும். நானே 26 வருடம் புகைத்தவன்.

வார்டன் நல்ல மனிதர். அறுநூறு பையன்களை இரண்டு பேர் வைத்து மேய்க்கிறார்கள், பாவம். அவர் சொன்னார், "ஐயா, சட்டப்படி இதுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், ஒரு வருஷம் ஜெயில். நாங்க போலீசுக்குப் போகாம விட்டிருக்கோம்." மாப்பிள்ளை பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு பழக்கம், எதையும் மூலத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து 2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஒரு லட்சமும் ஓராண்டும் உண்மைதான், இரண்டாம் முறை என்றால் ஐந்து லட்சமும் மூன்றாண்டும். ஆனால் அது யாருக்கு? தயாரிப்பவருக்கு, இறக்குமதி செய்பவருக்கு, விற்பவருக்கு, விநியோகிப்பவருக்கு, கொண்டுசெல்பவருக்கு, விளம்பரம் செய்பவருக்கு. சேமித்து வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம், 50,000 ரூபாய். தலையணை உறைக்குள் ஒன்று இருப்பது சேமித்து வைப்பதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். சட்டம் முதலில் குறிவைத்தது விற்பவனை. அங்கே ஒருவர்கூட என் பேரனிடம் கேட்காத கேள்வி, "இதை எங்கே வாங்கினாய்?" என்பதுதான். நான் கேட்டேன். சொன்னான். சீனியர் ஒருவன் மூலமாகக் கூரியரில் வருகிறதாம், விடுதி முகவரிக்கே.

இனி கடைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை கார் எடுக்கப் போன நேரத்தில் நான் கல்லூரி வாசலில் நின்றேன். சாலையைத் தாண்டி ஒரு பெட்டிக்கடை. டீ, பன், மிட்டாய் ஜாடிகள், மேலே சிகரெட் பெட்டி அடுக்கு. எங்கள் காலத்தில் கடைத் தூணில் தணல் கயிறு தொங்கும். இப்போது நூலில் கட்டிய லைட்டர் தொங்குகிறது. அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் திருகி வைத்துக்கொண்டு நாலைந்து பையன்கள். ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பற்றவைக்கிறார்கள்.

நான் நடந்து அளந்தேன். வாத்தியார் புத்தி போகுமா? வாசல் மதிலில் இருந்து கடை வரை 46 எட்டு. என் எட்டு ஒன்று இரண்டரை அடி. 115 அடி வருகிறது. புகையிலைச் சட்டம் 2003-இல் வந்தது. கல்வி நிலையத்தில் இருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலைப் பொருள் எதையும் யாருக்கும் விற்கக் கூடாது என்கிறது. வாங்குபவனுக்கு 18 வயது ஆகிவிட்டது என்பதெல்லாம் இங்கே செல்லாது, அது வேறு விதி. தூரத்தை வாசலில் இருந்து அல்ல, சுற்றுச்சுவரில் இருந்து எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். மத்திய அரசு 2019-இல் கொடுத்த புகையிலையில்லாக் கல்வி நிலைய வழிகாட்டுதலில், அந்த 100 கெஜத்தில் சாலையில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்றுகூட இருக்கிறது. கோட்டைத் தேடினேன். வேகத்தடையின் வெள்ளைக் கோடுதான் இருந்தது.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். "சார், டீயில என்ன மிஞ்சுது? பையங்க சிகரெட்டுக்குத்தான் வர்றாங்க, கூட டீ குடிக்கிறாங்க" என்றார். எப்போதாவது யாராவது வந்து 200 ரூபாய் அபராதம் போடுவார்களாம், ரசீதை ஆணியில் குத்திவைத்திருக்கிறார். சட்டத்திலேயே அதிகபட்சம் 200 ரூபாய்தான். பொது இடத்தில் புகைத்தாலும் 200 ரூபாய் வரைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்றவருக்கு 200 ரூபாய். அங்கே வாங்கிய சிகரெட்டோடு மதிலுக்குள் பிடிபடும் பையனுக்கு 15 நாள், ஏனென்றால் கல்லூரி விதியில் சிகரெட்டுக்கும் வேப்புக்கும் ஒரே தண்டனை. என் பேரனுக்கு இரண்டு இன்டர்னல் தேர்வு போயிற்று, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுமோ என்று அவன் அம்மா விரதம் இருக்கிறாள்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தின் பின்பக்கம் ஒரு பேராசிரியர், கழுத்தில் அட்டை தொங்க, புகைத்துக்கொண்டிருந்தார். என் வெள்ளை முடியைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தலைமையாசிரியர் வரும்போது நானும் அப்படித்தான் மறைப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு நேர்மை இருக்காது. நான் புகைக்கப் பழகியதே ஆசிரியர் பயிற்சி விடுதியில், 1977-இல். வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை தினமும் இடைவேளையில் கடைக்கு அனுப்பி இரண்டு சிகரெட் வாங்கிவரச் சொல்வேன். மீதிச் சில்லறை அவனுக்கு. அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, அவன் வீட்டிலும் பெருமையாகத்தான் நினைத்தார்கள். சில வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறான், உதடு கறுத்துப்போயிருக்கிறது. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான், "சார், நீங்க அனுப்புன கடையிலதான் சார் முதல் இழுப்பு. உங்களுக்கு ரெண்டு, எனக்குச் சில்லறைக்கு ஒரு பீடி." அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் விதியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், "ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. சட்டத்திலும் 30 அறை உள்ள விடுதி, 30 பேர் அமரும் உணவகம், விமான நிலையம், இவற்றுக்குத்தான் தனி இடம் அனுமதி, கல்லூரிக்கு இல்லை. மூலை ஒதுக்கினால் அங்கே போய்ப் பழகுகிறவர்களும் இருப்பார்கள். எங்கள் பயிற்சி விடுதியின் மாடிப்படி அப்படிப்பட்ட மூலைதான்.

விதி இருக்கட்டும். ஆனால் மேலே இருந்து தொடங்கட்டும். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, இங்கே புகைப்பது குற்றம் என்று பலகை வைத்தால் மட்டும் போதாது, மீறினால் யாரிடம் புகார் சொல்வது என்று பெயரும் எழுத வேண்டும். அந்தக் கல்லூரியில் பலகை பளபளவென்று இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இருந்திருந்தால் பேராசிரியரைப் பற்றி ஒரு பையன் துணிந்து சொல்லியிருப்பானா என்பது வேறு கேள்வி. சொல்லலாம் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பிடிபட்ட பையனை வகுப்பில் இருந்து துரத்துவதால் என்ன கிடைக்கிறது? 15 நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்தவனுக்கு இழுக்கத்தான் தோன்றும். முதல் முறை என்றால் பொருளைப் பறிமுதல் செய்யுங்கள், அபராதம் போடுங்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள், ஆனால் பாடத்தை நிறுத்தாதீர்கள். விடுவதற்கு வழி சொல்லுங்கள். 1800-11-2356 என்று அரசின் இலவச எண் ஒன்று இருக்கிறது, புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். அந்த எண் எங்கே அச்சிட்டிருக்கிறது தெரியுமா? சிகரெட் பெட்டி மேலேயே. கல்லூரியில் ஒரு சுவரிலும் இல்லை. ஒற்றைச் சிகரெட் வாங்குகிற பையன் பெட்டியைப் பார்ப்பதும் இல்லை.

நான் மூன்று முறை விட்டு மூன்று முறை தொடங்கியவன். 2003-இல் நெஞ்சுவலி வந்து படுத்தபோதுதான் முழுதாக விட்டேன். பேரனும் நானும் சேர்ந்து அந்த எண்ணுக்குப் பேசினோம். முதல் நாலு நாள் எரிந்து எரிந்து விழுந்தான், பாட்டியிடம்கூட. இப்போது பரவாயில்லை. சாயங்காலம் என்னோடு நடக்க வருகிறான், போனைப் பார்த்துக்கொண்டேதான், ஆனாலும் வருகிறான்.

கல்லூரி முதல்வருக்கு, அளந்த கணக்கையும் பலகை விஷயத்தையும் கூரியர் விஷயத்தையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பேராசிரியரைப் பற்றி ஆள் அடையாளம் இல்லாமல் ஒரு வரி மட்டும். இதுவரை பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

என்னிடம் படித்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்று கல்லூரிகளில் வேலை பார்க்கிறீர்கள். நாளைக்கு உள்ளே போகும்போது உங்கள் வாசல் பலகையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். பேரன் திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்புகிறான்.